ரப்பர் மரச் சிமிழில் கீற்றும் புள்ளியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மரம் கடையும் லேத் வைத்திருப்பவனுக்கு மரப் பஞ்சம் கிடையாது. ரோட்டோரத்தில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம், யார் வீட்டிலோ வெட்டிப் போட்ட பலா, ரம்புத்தான், கிளை கழித்த அங்சானா என்று ஏதாவது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். இருந்தும் மேற்பரப்பில் கீற்று, புள்ளி, சுட்ட கோடு என்று வேலைப்பாடு செய்யும்போது நான் கையில் எடுப்பது ரப்பர் மரத்தைத்தான். அந்த மரத்துக்கென்று சொந்தமாக ஒரு முகவெட்டு கிடையாது. வெளிர்ந்த வைக்கோல் நிறம், அதில் இளஞ்சிவப்பு லேசாக, அங்கங்கே துளைகளின் சிறு கோடு. அவ்வளவுதான். தூங்குமூஞ்சியைக் கடைந்தால் பொன்னும் பழுப்பும் அலையலையாக அதுவே வந்துவிடும். அதன்மேல் போய்ப் புள்ளி குத்துவது காஞ்சிபுரம் பட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி. நல்ல கோலம் உள்ள மரத்தை வழவழப்பாக்கி எண்ணெய் பூசி விட்டுவிட வேண்டும். வெறும் முகத்தோடு இருக்கும் மரத்துக்குத்தான் நம் கை தேவை.

இந்தத் தடவை வேலை, என் மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு வரிசைத் தட்டில் வைக்கக் குங்குமச் சிமிழ்கள். எல்லாம் ஒரே அளவு, ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது என்பது மைத்துனர் வீட்டு நிபந்தனை. அளவை ஒன்றாக வைத்துக்கொண்டு மேற்பரப்பை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். நான் கையாளும் முறைகள் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் ஒரே வடிவத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க அதுவே வாய்ப்பாகவும் ஆனது.

முதலில் மரம். தோட்டத்தில் மறுநடவுக்காகச் சாய்த்துப் போட்ட கட்டையைத் தூக்கிவந்து அப்படியே கடைந்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 25, 30 வருஷம் நின்று, பால் கொடுத்து ஓய்ந்த மரத்துக்குள் மாவுச்சத்து நிறைய இருக்கும். வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறி, வெள்ளைக் கட்டை சாம்பலும் நீலமுமாகிவிடும். பின்னாலேயே துளைப்பூச்சி வந்து உள்ளே இருப்பதை மாவாக்கி வெளியே கொட்டும். தொழிற்சாலைகளில் அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் காயவைப்பது இதனால்தான். அந்தப் பக்குவம் கைக்கு வந்த பிறகுதான், அதுவரை அடுப்புக்கும் சூளைக்கும் விறகாகப் போய்க்கொண்டிருந்த மரம் மேசை நாற்காலியாகி, மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன மூவாரிலிருந்து கப்பலேறத் தொடங்கியது. இத்தனைக்கும் பக்கத்து ஊர் கோலகங்சாரில்தான் 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டுப் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதை அறுத்தால் எத்தனை கிண்ணம் வரும் என்று மனசு கணக்குப் போடும். என்ன செய்வது, லேத்காரன் புத்தி.

நான் வாங்குவது மேசைக்கால் செய்யும் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளை. 65 மில்லிமீட்டர் சதுரம், ஒரு சாண் நீளம், பதப்படுத்திக் காய்ந்தது. போரான் ஏறிய மரம் என்பதால் முகமூடி இல்லாமல் அதன் தூசியில் நிற்பதில்லை. சாப்பாட்டுக் கிண்ணமும் இதில் செய்வதில்லை. சிமிழ், பம்பரம், நூல் டப்பா போன்றவற்றுக்குக் குறையே இல்லை.

சிமிழின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 60 மில்லிமீட்டர் விட்டம், மூடியோடு சேர்த்து 55 உயரம். மரத்தின் நார் சிமிழின் உயரவாக்கில் ஓட வேண்டும், அதாவது மூடியின் தலைப்பக்கம் வெட்டுமுகமாக இருக்க வேண்டும். பின்னால் வரும் அதிர்வு உளிக்கு இது அவசியம். வழக்கமாகச் சிமிழுக்கு நான் விடும் சுவர்க் கனத்தைவிட ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கூட விட்டேன். பள்ளம் வெட்டப் போகிற இடத்தில் கனம் இல்லையென்றால் உளி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும்.

முதல் சிமிழை வெறும் உருவமாகக் கடைந்து, எங்கெங்கே வேலைப்பாடு வரும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து பார்த்தார்.

"உள்பக்கமும் இப்படியெல்லாம் கீறப் போறீங்களா?"

"மூடிக்கு அடியில கொஞ்சம் போடலாம்னு இருக்கேன். திறந்தா தெரியும்ல."

"பள்ளத்துக்குள்ள குங்குமம் போய் உட்கார்ந்தா யாரு தொடைக்கிறது? நீங்களா?"

நியாயம். சிமிழுக்குள்ளும் மூடியின் அடியிலும் கண்ணாடி வழவழப்பு, வெளியே மட்டும் வேலைப்பாடு என்று அங்கேயே தீர்ந்தது. மூடியும் உடலும் சந்திக்கும் விளிம்பையொட்டி இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டேன். திறக்கும்போது விரல் படும் இடம் அது. குங்கும விரலோடுதான் எல்லோரும் மூடியைத் திரும்பப் போடுவார்கள்.

வேலைப்பாட்டில் இறங்கும் முன் இரண்டு காரியம் பாக்கி.

ஒன்று எல்லை. புள்ளியோ கீற்றோ எது போட்டாலும் அது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு 'வி' பள்ளம் இருக்க வேண்டும். கூர்முனை உளியால் அரை மில்லிமீட்டர் ஆழம் போதும். புள்ளி போடும் பல்சக்கர உளியோ பந்து உளியோ எதுவானாலும் ஓரத்தில் நேராக நிற்காது. அங்கே ஒரு புள்ளி தாண்டும், இங்கே ஒன்று குறையும். பள்ளம் இருந்தால் அந்தப் பிசிறு அதற்குள் போய் மறைந்துவிடும். வேலைப்பாடு முடிந்த பிறகு அதே பள்ளத்தில் உளியை இன்னொரு தடவை ஓட்டினால் ஓரம் கத்தரித்ததாக நிற்கும். கடையில் விற்கும் மலிவு மரச் சாமான்களில் வேலைப்பாடு அலங்கோலமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த எல்லை இல்லாததுதான் என்பது என் கட்சி.

இரண்டாவது, ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சு. ரப்பர் மரம் சில பக்கங்களில், முக்கியமாகச் சாய்ந்து வளர்ந்த மரமாக இருந்தால், உளி பட்டும் அறுபடாமல் நார் நாராக எழுந்து நிற்கும். வழவழப்பாகத் தேய்க்கிற வேலையென்றால் மணல்தாள் பார்த்துக்கொள்ளும். கீற்றும் புள்ளியும் போட்ட பிறகு அங்கே மணல்தாள் நுழையாது. அதனால் 320 தாள் வரை முதலிலேயே தேய்த்து முடித்து, தூசியை ஊதித் துடைத்துவிட்டு, நீர்க்கக் கரைத்த ஷெல்லாக்கை இரண்டு கை பூசிக் காயவிடுகிறேன். நார்கள் விறைத்து நிற்கும். உளி பட்டால் சுத்தமாக அறுபடும். தேய்ப்பதை முதலில் முடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளத்துக்குள் மணல் துகள் போய் உட்கார்ந்தால் அடுத்து வரும் உளியின் கூரைத் தின்றுவிடும். இந்த ஷெல்லாக் பிறகு நிறம் ஏற்றும்போது இன்னொரு உதவியும் செய்யும், அதை அங்கே சொல்கிறேன்.

இனி அதிர்வு உளி. மூடியின் தலையில் மையத்திலிருந்து ஓரத்துக்குச் சுழன்று விரியும் நுண்ணிய கீற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். மரப் பம்பரங்களில் அதிகம் வரும். கையால் செதுக்கினால் ஒரு நாள் போகும் போலத் தெரியும். உண்மையில் சில விநாடி வேலை. மெல்லிய எஃகுத் தகட்டைச் சுழலும் மரத்தில் வைத்தால் தகடு வெட்டும், வளையும், துள்ளித் திரும்பும், மறுபடி வெட்டும். லேத்தில் எல்லோரும் ஒழிக்கப் பார்க்கும் அதிர்வை இங்கே வேண்டுமென்றே வரவழைக்கிறோம்.

இந்த உளியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஹேக்சா பிளேடு போதும், அதுவும் ஒடியாமல் வளையும் வகை. கனம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, அகலம் அரை அங்குலம். பல்லைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, முனையை மொட்டையான அம்பு வடிவத்தில் தீட்டினேன். அடிப்பக்கம் சரிவு, மேல்பக்கம் தட்டை. தீட்டும்போது நீலம் பாயாமல் அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும்; நீலம் பாய்ந்தால் முனையின் கடினம் போச்சு. அரை அங்குல இரும்புக் கம்பியின் தலையில் வெட்டு போட்டு, பிளேடை அதில் செருகி, இரண்டு திருகாணியால் இறுக்கினேன். திருகாணியைத் தளர்த்தினால் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தலாம். சூட்சுமம் முழுக்க அந்த நகர்த்தலில்தான்.

கணக்கு இப்படி. பிளேடு நொடிக்கு 600 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேத் நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20. ஒரு சுற்றுக்கு 30 வெட்டு விழும். வேகத்தை 600க்கு இறக்கினால் ஒரு சுற்றுக்கு 60 வெட்டு, கீற்று நெருக்கமாகும். வகுத்தால் மீதி வராத எண்ணாக இருந்தால் அடுத்த சுற்றின் வெட்டு முந்தைய வெட்டின் பக்கத்திலேயே போய் விழும், கீற்று நேராக ஆரம்போல் நிற்கும். கொஞ்சம் மீதி வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தள்ளி விழும், அதுதான் சுழல். பிளேடின் நீட்டம் இன்னும் பெரிய ஆயுதம்: வெளியே நீளும் பகுதியைப் பாதியாக்கினால் துடிப்பு நான்கு மடங்காகிவிடும். அதனால் நீட்டத்தை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மாற்றினாலே வேறு கோலம் வரும். 40 மில்லிமீட்டர் நீட்டத்தில் தொடங்கி, கழிவுத் துண்டில் சோதித்து, குறைத்துக்கொண்டே வந்தேன். பிடித்த கோலம் வந்ததும் பிளேடில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் வேகத்தின் எண். அடுத்த மூடிக்கு அதே கோட்டில் நிறுத்தினால் அதே குடும்பத்துக் கோலம் வரும்.

வைக்கும் விதம்: உளியைத் தாங்கும் டூல்ரெஸ்ட்டை மரத்திலிருந்து கொஞ்சம் விலக்கி, முனை மையத்தின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ படும்படி, கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது. சரியாகப் பட்டால் கிரீச்சென்று ஒரே சுருதியில் சத்தம் வரும். அக்கம்பக்கத்து நாய்கள் எழுந்து நிற்கும். சத்தம் வரவில்லையென்றால் பிளேடு வெட்டிக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது, துடிக்கவில்லை என்று பொருள். அந்தச் சுருதி கலையாத வேகத்தில் மையத்துப் பக்கமிருந்து ஓரத்துக்கு ஒரே ஓட்டம். அழகாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் ஆழமாகட்டும் என்று இரண்டாவது தடவை ஓட்டினால் இரண்டு கோலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். பிடிக்கவில்லையென்றால் மெல்லச் சீவித் தட்டையாக்கிவிட்டு, ஷெல்லாக் பூசித் திரும்பத் தொடங்குவதுதான் வழி. கூடுதல் கனம் விட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

மையத்தை நெருங்க நெருங்க வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கடைசியில் குழம்பிவிடும், அங்கே கோலம் வராது. அந்த இடத்தில் ஒரு சிறு குமிழை முன்கூட்டியே கடைந்து வைத்துவிட்டால் குறை தெரியாது, மூடியைத் தூக்கப் பிடியும் ஆச்சு. பலகையின் முகத்தில், நார் குறுக்கே ஓடும் கிண்ணங்களில், இந்த உளி வேலை செய்யாது. ஒரு சுற்றில் இரண்டு இடம் வழவழ, இரண்டு இடம் பிய்த்துப் போட்டதாக இருக்கும்.

பந்து உளி அடுத்தது. ஷெஃபீல்டு நிறுவனமான ராபர்ட் சோர்பி இந்த மாதிரி வேலைக்கென்றே பல்சக்கர உளி விற்கிறது. நல்ல சாமான், ஆனால் விலையை மலேசிய வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், மாற்றிப் பார்த்தால் கை தானாகப் பைக்குத் திரும்பிவிடும். நான் செய்துகொண்டது: பந்துத் தலை உள்ள கார்பைட் பர் (அரைத்துக் குடையும் முனை) ஒன்று, தண்டு 6 மில்லிமீட்டர். 626 பேரிங்கின் உள்துளையும் 6தான். வெளி விட்டம் 19. அதற்குச் சரியாக இறுகும் குழாய் ஒன்றை ஹார்டுவேர் கடைப் பழைய சாமான் மூலையில் பொறுக்கினேன். குழாயின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு பேரிங், அதற்குள் பர், பின்னால் மரக் கைப்பிடி. பர் தன் போக்கில் சுழல வேண்டும், அதைச் சுற்றிவிடுவது மரம்தான்.

நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று. பந்தை எல்லைக் கோடுகளுக்கு நடுவே மெதுவாகத் தொட்டால் அது சுழலத் தொடங்கிச் சின்னச் சின்னக் குழிகளை விட்டுக்கொண்டே போகும். உளியை நேராகப் பிடித்தால் ஒழுங்கில்லாத பொடிக் குழிகள், சாய்த்துப் பிடித்தால் அவை வரிசை பிடித்துச் சரிந்த கோடுகளாகும். எந்தச் சாய்வில் எது வரும் என்று எழுதி வைத்துப் பயனில்லை, மரத்தின் விட்டம் மாறினால் எல்லாம் மாறும். கவனிக்க வேண்டியது ஒன்றே: எங்கும் ஒரே நேரம் நிற்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு கணம் அதிகமாக நின்றால் அங்கே பள்ளம் ஒரு வளையமாகத் தெரியும். முடிந்ததும் நைலான் பிரஷ்ஷை ஓடும் மரத்தில் லேசாகக் காட்டினால் எழுந்து நிற்கும் பொடி நார்கள் உதிர்ந்துவிடும்.

கம்பி பிரஷ் வைத்து மென்மையான பாகத்தைச் சுரண்டி எடுக்கும் முறையும் இருக்கிறது. குளிர்நாட்டு மரங்களில் வசந்தத்தில் வளர்ந்த வளையம் மெத்தென்றும் அடுத்தது கெட்டியாகவும் இருப்பதால் அங்கே அது எடுபடும். ரப்பர் மரத்தில் அப்படித் தெளிவான வளையம் இல்லை. தேய்த்தால் மரம் அழுக்கானதாகத்தான் தெரியும். விட்டுவிட்டேன்.

சுட்ட கோடு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வெளிர் மரத்தில் கறுப்பு அப்படியே குரல் கொடுக்கும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைபவர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே அரக்கை உருக்கி நிறம் ஏற்றுகிறார்கள். இங்கே அதே உராய்வுச் சூடு மரத்தைக் கருக்குகிறது. முதலில் 'வி' பள்ளம், பிறகு மெல்லிய எஃகுக் கம்பியை அதற்குள் அமர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, லேத்தை 1,800 சுற்றுக்கு ஏற்றினால் சில நொடியில் புகை வரும், கோடு கறுக்கும். பள்ளம் இல்லாமல் வைத்தால் கம்பி வழுக்கி ஓடிச் சிமிழ் முழுக்கக் கறுப்புக் கிறுக்கல்.

கம்பிக்குக் கிட்டாரின் மெல்லிய எஃகுத் தந்தி நல்லது. செம்பு சூட்டை வெளியே கொண்டுபோய்விடும், மரம் கறுக்க நேரமாகும். இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: கம்பியின் இரு முனைகளிலும் மரக் கட்டை கட்டி அதைத்தான் பிடிக்க வேண்டும். விரலில் சுற்றிக்கொண்டு யாரும் லேத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கம்பி சிக்கினால் கட்டை கையை விட்டுப் போகும். விரலில் சுற்றியிருந்தால் விரல் போகும். சுடும்போது தூசி உறிஞ்சியை நிறுத்திவிடுவதும் அதே அளவு முக்கியம். ஒரு பொறி பைக்குள் போனால், உள்ளே இருப்பது முழுக்கக் காய்ந்த மரத்தூள். லேத்துக்கு அடியில் கிடக்கும் சுருள்களையும் அதற்கு முன்னாலேயே கூட்டி அள்ளிவிடுகிறேன். அகலமான பட்டையைக் கருக்க வேண்டுமென்றால் கம்பிக்குப் பதில் பழைய ஃபார்மிகா துண்டின் விளிம்பு நன்றாக வேலை செய்யும்.

உடலின் பக்கவாட்டில் என்ன போடுவது என்பதில்தான் ரொம்ப நேரம் போனது. பந்தின் புள்ளிகளே அங்கும் வந்தால் அலுப்பு. இது ரப்பர் மரம், அந்த மரத்தின் மேல் ஆயுசு முழுக்க விழுந்த வெட்டையே போட்டால் என்ன என்று தோன்றியது. பால்வெட்டுக் கோடு. 60 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 188. அந்த நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி, 30 டிகிரி சரிவில் பன்னிரண்டு கோடு போட்டு, சிமிழைச் சுற்றி ஒட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தை தோட்டத்தில் பால்வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியபோது தோட்ட லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு, அதாவது இந்தக் குடியிருப்புக்கு, வந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"தம்பி, கோட்ட எந்தப் பக்கம் இறக்கப் போற?"

"அதான் அத்தை, உங்கள்ட்ட கேக்கணும்னு இருந்தேன்."

"இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. மாத்திப் போட்டா பால் வராது."

"இதுல எங்க அத்தை பால் வரப் போகுது?"

"வராட்டி என்ன, பார்க்கிறவங்களுக்குத் தெரியும்ல."

அவர் சொன்னதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை, மேலே போகப் போகச் சில டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஓடும். இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றைக் குறுக்கே அதிகம் அறுக்கும். இந்தச் சிமிழ் போகப்போகும் வீட்டில் பாதிப் பேர் தோட்டத்துக்காரர்கள். திருப்பிப் போட்டிருந்தால் யாராவது ஒரு பாட்டி கண்டுபிடித்திருப்பார்.

இந்தக் கோடுகளை லேத் ஓடும்போது வெட்ட முடியாது. லேத்தின் தலையில் 24 துளை உள்ள பகுப்பு வட்டு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு துளை விட்டு ஒரு துளையில் முள்ளைப் பூட்டினால் பன்னிரண்டு கோட்டின் தொடக்கமும் சரியாக விழும். லேத் இப்போது வெறும் பிடிகருவிதான். பென்சில் கோட்டைக் கூரிய கத்தியால் ஒருமுறை கீறிவிட்டு, சின்ன 'வி' உளியைக் கையால் தள்ளி வெட்டினேன். சரிந்த வெட்டில் ஒரு தொல்லை: பள்ளத்தின் ஒரு சுவர் நாரோடு போகும், மற்றது நாருக்கு எதிராகப் போகும். முதல் சுவர் பளபளக்கும், மற்றது சொரசொரக்கும். அதனால் ஒவ்வொரு கோட்டையும் மேலிருந்து ஒரு தடவை வெட்டி, சொரசொரத்த சுவரை மட்டும் கீழிருந்து எதிர்த் திசையில் மெல்லச் சீவ வேண்டும். பன்னிரண்டு கோட்டுக்கும் இதே வேலை. ரேடியோ கேட்டுக்கொண்டு செய்தால் நேரம் போவது தெரியாது. மோட்டார் வைத்த சுழல்கருவியில் சீக்கிரம் முடியும்தான், ஆனால் அதன் பள்ளத்தின் அடி வட்டமாக வரும். பால்வெட்டுக் கத்தியின் அடி கூர்மையானது. இங்கே கூர்மைதான் பொருத்தம்.

நிறம் ஏற்றுவதற்கு ஷெல்லாக்கின் இரண்டாவது உதவி. மேடாக நிற்கும் இடமெல்லாம் ஷெல்லாக் மூடியிருக்கிறது. உளி புகுந்த பள்ளங்களில் மட்டும் வெறும் மரம் திறந்திருக்கிறது. தண்ணீராக எந்த நிறத்தைப் பூசினாலும் பள்ளம் குடிக்கும், மேடு குடிக்காது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். நான் பூசியது கடை நிறமல்ல. இரும்புக் கம்பளியைக் காடியில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிய நீர். இது மரத்தில் உள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் கறுக்கும். ரப்பர் மரத்துக்கு அந்தச் சத்து போதாது, வெறும் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். அதற்கு வழி தே-ஓ, பால் கலக்காத தேநீர். சீனி போடாத, நாக்கில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியான தே-ஓவை முதலில் பிரஷ்ஷால் பள்ளங்களில் பூசிக் காயவிட்டு, அப்புறம் காடி நீரைப் பூசினால் கண்ணெதிரே பழுப்பு கறுப்பாக மாறும். சாயங்காலம் குடிக்க வைத்திருந்த பிளாஸ்க் காலியான வகையில் வீட்டில் கொஞ்சம் சத்தம் கேட்டது. வெட்டுமுகத்தில், அதாவது மூடியின் தலையில், நீர் துளைகள் வழியாகப் பக்கவாட்டில் கசியப் பார்க்கும். அங்கே பிரஷ் கிட்டத்தட்டக் காய்ந்ததாக இருக்க வேண்டும். மேட்டில் ஏதாவது கறை தங்கினால், தட்டைக் கட்டையில் சுற்றிய 400 தாளால் ஒரு தேய்ப்பு. விரலில் தாளைச் சுற்றித் தேய்த்தால் பள்ளத்தின் விளிம்பு மழுங்கிவிடும்.

கடைசிப் பூச்சில் பலரும் மெழுகைப் பூசுவார்கள். வழவழ சாமானுக்குச் சரி, வேலைப்பாட்டுக்கு ஆகாது. பள்ளத்தில் தங்கிய மெழுகு காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும், அதன்மேல் குங்குமத் தூள் ஒட்டினால் இன்னும் மோசம். கெட்டியான வார்னிஷும் வேண்டாம், பள்ளத்தை நிரப்பி, பட்ட பாட்டை மூடிவிடும். வெளியே தெளிப்பு லேக்கர், மெல்லிசாக இரண்டு தடவை. உள்ளே மட்டும் கொஞ்சம் கனமாக, ஏனென்றால் குங்குமத்தின் சிவப்பு திறந்த மரத்தில் ஏறினால் இறங்காது. நம் ஊர் ஈரத்தில் ஒரு சங்கதி உண்டு: மழைக்கு முந்தைய புழுக்கத்தில் லேக்கரோ ஷெல்லாக்கோ பூசினால் பால் படர்ந்ததாக வெளுத்துவிடும். ஈப்போ பக்கம் மலையில் மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்குப் பூச்சு வேலை கிடையாது. காலை பத்து, பதினோரு மணி வெயில்தான் தோது. அதே ஈரத்துக்காக மூடியையும் சற்றுத் தளர்வாகவே விட்டேன். ஏர்கான் அறையில் அளவெடுத்து இறுக்கமாகச் செய்த மூடி அடைமழை நாளில் திறக்காது.

வரிசைத் தட்டில் அடுக்கிப் பார்த்தபோது அதிகம் பேர் கையில் எடுத்தது பால்வெட்டுக் கோடு போட்டவற்றைத்தான். எனக்கு அதிர்வு மூடிகளே பிடித்திருந்தன. பந்துப் புள்ளி போட்டவை பரவாயில்லை. ஆனால் மூடியிலும் உடலிலும் இரண்டு விதமாக வேலை செய்திருந்த ஒரு சிமிழ் கண்ணுக்கு இரைச்சலாக இருந்ததால் தட்டில் வைக்கவில்லை. அது இப்போது என் மேசையில் ஆணி டப்பா. பக்கத்தில் வெறும் பட்டை இருந்தால்தான் கீற்று எடுபடுகிறது. அடுத்த தொகுப்பில் வேலைப்பாட்டின் அகலத்தை இன்னும் குறைக்கப் போகிறேன்.

ஒவ்வொரு சிமிழுக்குள்ளும் ஒரு சிறு சீட்டு எழுதி வைத்தேன்: தண்ணீரில் கழுவ வேண்டாம், பள்ளத்தில் குங்குமம் சேர்ந்தால் காய்ந்த பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டால் போதும்.